தாயார் பெயர்

முப்பத்தொன்றாம் நம்பர் டோக்கனை மடியில் போட்டுக்கொண்டு தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டாம் நம்பர் ஆள் உள்ளே போய்ப் பதினைந்து நிமிஷமாகியும் வெளியே வந்தபாடில்லை. அப்படி என்னதான் பிறந்து தொலைத்திருப்பான் அந்த ஆள், பிறந்தவனுக்கு ஒரு தேதி, ஒரு அப்பன், ஒரு அம்மா, அவ்வளவுதானே, அதைச் சொல்லிவிட்டு வர இவ்வளவு நேரமா என்று நினைத்தாள், நினைத்த கையோடு அந்த ‘ஒரு அம்மா’ என்ற இடத்தில் முந்தானை ஆணியில் மாட்டிக்கொண்ட மாதிரி நின்றுபோனாள். ஒரு அம்மாவாம். யாருக்கு வாய்த்தது அந்த சௌகரியம். அவளுடைய அப்பா வைத்தியலிங்கத்துக்கு இரண்டு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் இதே பிறப்பு இறப்பு ஆபீஸின் பெரிய புத்தகத்தில் எழுதினபடி தாயார் பெயர் குப்பம்மாள். நாற்பத்தாறில் அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாகச் சேர்ந்தபோது எழுதின காகிதத்தில் தாயார் பெயர் அஞ்சலை. ஒரே வைத்தியலிங்கம், ஒரே தகப்பனார் சின்னத்தம்பி, ஒரே பட்டினம், அதே மாசி மாசம், அதே தேதி. அம்மா மட்டும் மாறிவிட்டாள், சட்டையை மாற்றுகிற மாதிரி. மூன்று மாதமாக இந்த இரண்டு பெண்பிள்ளைகளும் தையல்நாயகியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள், செத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனவர்கள், இன்னும் அடங்கவில்லை. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறேன் பேர்வழி என்று கிறீச் கிறீச்சென்றது, காற்று மட்டும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மடியில் ஒரு பச்சைக் குழந்தை, பேர் வைத்துப் பதிய வந்திருக்கிறாள் போல, வசம்பு வாசனை வந்தது. ஏம்மா, உன் பேரையே போடு, வேற எவ பேரையும் போட்டுத் தொலைச்சிடாதே, பின்னால் ஒருத்தி கிடந்து அலைவாள் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொன்னால் பைத்தியம் என்பாள், முழுங்கிக்கொண்டாள்.

மகள் நித்திலா காலையிலேயே இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள். பிரான்சில் அது விடிகாலை, எட்டு மாசக் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, “அம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை, திங்களோட அவங்க குடுத்த கெடு முடியுது, இன்னிக்கே கையெழுத்தாயி கூரியர்ல போட்டாத்தான் ஆச்சு, இல்லாட்டி பைலை மூடிடுவாங்களாம், மறுபடி முதல்லேருந்து,” என்றாள். தெரியும்டி, தெரியும், நூறு தடவை சொல்லியாச்சு. வைத்தியலிங்கம் பிரெஞ்சுப் பிரஜை, ஆகவே அவர் மகள் தையல்நாயகியும் பிரஜை, ஆகவே பாரிஸுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் போய்க் கடைசி காலத்தை ஓட்டலாம், இவ்வளவுதான் விஷயம், ஆனால் இங்கே பிறந்த வைத்தியலிங்கமும் பட்டாளத்து வைத்தியலிங்கமும் ஒரே ஆள்தான் என்று முதலில் நிரூபிக்கணுமாம். இரண்டு தடவை சுற்றுலா விசா கேட்டாள், இரண்டு தடவையும் இல்லையென்று விட்டார்கள், தனியாக இருக்கும் விதவை, திரும்பி வரமாட்டாளாம். பின்னே எதற்குத் திரும்பி வரணும், இங்கே எவன் இருக்கிறான். போன கார்த்திகையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாளே, காலை ஏழு மணிக்கு விழுந்தவள், பால்காரி பதினொன்றரைக்கு வந்து கதவைத் தட்டும்வரை ஈரத்தில் கிடந்தாளே, அப்போது என்ன நினைத்தாள், மகளை நினைத்தாளா, செத்துப்போன புருஷனை நினைத்தாளா, இல்லை, கூரையில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு, நான் இப்படியே போனால் இந்த ஆபீஸில் என் சாவை யார் வந்து எழுதுவார்கள், பால்காரியா, அவளுக்கு என் முழுப்பேரே தெரியாதே, பாலம்மா பாலம்மா என்று இவள்தான் அவளைக் கூப்பிடுவாள், அவள் இவளை எக்ஸ்சேஞ்ச் அம்மா என்பாள், அப்படியே எழுதிவிடுவார்களா, இறந்தவர் பெயர் எக்ஸ்சேஞ்ச் அம்மா, தாயார் பெயர் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, யார் யாரோடு பேசவேண்டுமோ அவர்களை இணைத்துவிட்டவள் அவள், கடைசியில் தன்னை இணைக்க ஆளில்லாமல் ஈரத்தில் கிடந்தாள். அந்த இடுப்பு வலி இப்போதும் பெஞ்சுப் பலகையில் உட்கார்ந்தால் குத்துகிறது. இருபத்துமூன்று என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அப்பாடா.

மடியில் டோக்கனோடு பிளாஸ்டிக் பை, பைக்குள் பத்திரம். வக்கீல் ஞானப்பிரகாசம் டைப் அடித்துக் கொடுத்தது, மூன்றே வரி, அவள் அதை மனப்பாடமாகவே சொல்லுவாள். என் தந்தையைப் பெற்ற தாயார் அஞ்சலை என்பவரே. பிறப்புப் பதிவில் கண்ட குப்பம்மாள் என்பவர் என் தந்தைக்கு எவ்வகையிலும் உறவினர் அல்லர், அவர் இன்னார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெயர் எழுத்தரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை. எழுத்தர் பாவம், என்றோ செத்துப் போயிருப்பார், அவர் மேல் போட்டாயிற்று. உள்ளே அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டியது ஒன்றுதான் பாக்கி. நடந்ததை நடந்தபடி எழுதக்கூடாதா சார் என்று அவள் கேட்காமல் இல்லை. ஞானப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “எதைம்மா எழுதச் சொல்றீங்க? தவுட்டையா? தவுடு வாங்கிக்கிட்டுப் புள்ளைய வித்தாங்கன்னு நான் பிரெஞ்சுல எழுதினா, இது புள்ளை பிடிக்கிற கேசு போலிருக்குன்னு அங்க உக்காந்திருக்கற ஜட்ஜ் போலீஸக் கூப்பிடுவான்,” என்றார். சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சலாக வந்தது. ஏன், அதில் என்ன விளங்காத விஷயம் இருக்கிறது. அஞ்சலைக்கு மூன்று பிள்ளை பிறந்து மூன்றும் தங்கவில்லை. மாங்கனித் திருவிழாவில் மடியேந்தி மாம்பழம் பிடித்துத் தின்று நாலாவதாகப் பிறந்தது வைத்தியலிங்கம். இதையும் யமன் கொண்டுபோய்விடக்கூடாதே என்று, எதிர்வீட்டில் ஏழு பிள்ளை பெற்று ஏழும் கல்லுக்குண்டாக இருந்த குப்பம்மாளிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒரு முறம் தவிடு வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து பிள்ளை குப்பம்மாளுடையது. அஞ்சலை பால் கொடுக்கிற வேலைக்காரி, அவ்வளவுதான். யமன் அஞ்சலை பிள்ளை எங்கே என்று தேடிக்கொண்டு வந்தால் இங்கே அப்படி ஒரு பிள்ளையே இல்லை, போய்விட்டு வா என்று சொல்லலாம். ஊருலகத்தில் நடக்கிற விஷயம். நடந்தது நடந்ததோடு வீட்டுக்குள்ளே வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா. இந்தச் சின்னத்தம்பி, தையல்நாயகியின் தாத்தா, பிள்ளையைப் பதியப் போன இடத்திலும் குப்பம்மாள் என்றே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். யமனை ஏமாற்றப் போய் பிரெஞ்சு சர்க்காரையே ஏமாற்றிவிட்டார். யமன் கேட்டானா தெரியாது, சர்க்கார் தொண்ணூற்றாறு வருஷம் கழித்துக் கேட்கிறது.

இதெல்லாம் அவளுக்கு மூன்று மாதம் முன்புவரை முழுசாகத் தெரியாது. தவிட்டுச் சங்கதி தெரியும், புத்தகத்திலேயே ஏற்றிவிட்டார்கள் என்பது தெரியாது. குப்பம்மாளுக்கு அந்த ஏழுக்கும் அப்புறம் பிறந்த கடைசிப் பெண் ராசாம்பாள் பட்டினத்தில் இருக்கிறாள், தொண்ணூறை நெருங்குகிறாள், காது கேட்காது, வாய் மட்டும் கேட்கும். ஆட்டோ பிடித்துப் போய்க் காதில் கத்திக் கத்திக் கேட்டதற்கு, “ஊருக்கே தெரியும், ஒனக்குத் தெரியாதா? படிச்சவதானே நீ?” என்று அவள்தான் எரிந்து விழுந்தாள். எழுத்தில் பெத்தவள் பேர் ஏறினால் யமன் அதைப் படித்துவிடுவான் என்று பயமாம். ஏன், யமன் பிரெஞ்சு படித்தவனா? அந்த ஆபீஸில் இருந்த துரை சந்தேகப்பட்டு, பெற்றவளை நேரில் கூட்டிக்கொண்டு வா என்றானாம். “எங்கம்மா வயித்துல துணியச் சுத்திக் கட்டிக்கிட்டு, ஒங்கப்பன மாருல போட்டுக்கிட்டு, பச்ச ஒடம்புக்காரி கணக்கா இடுப்பப் புடிச்சிக்கிட்டே நடந்து போச்சாம். தெருவே சிரிச்சிச்சாம். அஞ்சலை கதவச் சாத்திக்கிட்டு உள்ள கெடந்துச்சாம்,” என்று ராசாம்பாள் பொக்கை வாயால் சிரித்தாள். சரி, அதோடு விட்டார்களா. பதினெட்டு வருஷம் கழித்துப் பிள்ளை பட்டாளத்துக்குப் போகிறேன் என்று நின்றபோது அஞ்சலை எழுந்து வந்து, “பதினெட்டு வருசம் வேலைக்காரி மாதிரி நின்னு வளத்தேன், இந்த ஒரு காயிதத்துலயாவது எம்பேரப் போடுடா,” என்று அழுதாளாம். பிள்ளை போட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டது. அழுதவளைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, போட்டவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை, அப்படியென்றால் யார்தான் குற்றவாளி, நானா? யாரும் கெடுதலுக்குப் பொய் சொல்லவில்லை, எல்லாரும் நல்லவர்கள், அலைகிறவள் மட்டும் நான். இருபத்தைந்து, இருபத்தைந்து இல்லையா, இருபத்தாறு வாங்க. அப்படித்தான், நாலு பேர் சாயா குடிக்கப் போகட்டும், சீக்கிரம் முடியும். முடிந்ததும் போய் ஏதாவது சாப்பிடணும். காலையில் இரண்டு இட்லி, அதிலும் பாதியை வைத்துவிட்டாள்.

அஞ்சலை எப்படி இருப்பாள் என்று அவளுக்கு நினைவே இல்லை, அதுதான் இதில் பெரிய கொடுமை. தையல்நாயகிக்கு மூன்று வயசாகும்போதே அவள் போய்விட்டாள், ஒரு போட்டோ கூடக் கிடையாது. என் தந்தையைப் பெற்ற தாயார் அஞ்சலை என்பவரே என்று யாரைப் பற்றி எழுதிக் கொடுக்கிறாளோ அவள் ஒரு பேர், வெறும் பேர். அவர் இன்னார் என்று எனக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுக்கிறாளே, அந்தக் குப்பம்மாளைத்தான் தெரியும். அவள் இடது காதில் தோடு தொங்கித் தொங்கி அறுந்த மடல் தெரியும், புகையிலை வாசனை தெரியும், சிரித்தால் தொண்டைக்குள் கரகரக்கும் என்று தெரியும். தவுட்டு அப்பாயி. வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாசி மகத்தன்று அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, புது முறத்தில் தவிடு குவித்து, மேலே ஒரு சேலையும் வெற்றிலையும் வைத்து, யுத்தத்தில் அடிபட்ட காலைச் சாய்த்துச் சாய்த்துத் தெருவைத் தாண்டிப் போவார், பின்னாலே இவள் ஓடுவாள். தவுட்டு அப்பாயி தயாராக வாசலில் நிற்பாள். நாற்பது வயசு மனிதர், அடிக்குப் பயப்படாத சொல்தா, அந்தக் கிழவி முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி குனிவார். அவள் ஒரு கைப்பிடி தவிட்டை எடுத்து அவர் தலையைச் சுற்றித் தலைமேலேயே கொட்டி, யமன் திசையான தெற்கே பார்த்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிறமாதிரி, “இது எம்புள்ள. தவுட்டுக்கு வாங்கினது. வேற எவனுக்கும் இதுல பாத்தியம் கெடையாது,” என்று கத்துவாள். எத்தனை வருஷம், வருஷா வருஷம். அப்பா தும்முவார். எண்ணெய் வைத்த தலையில் தவிடு ஒட்டிக்கொள்ளும், சாயங்காலம் வரை தட்டிவிடமாட்டார். பட்டினத்துக் காற்றில் அது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து சட்டைக் காலரில் கிடக்கும். அப்புறம் அவள் தையல்நாயகியின் கன்னத்தைக் கிள்ளி, கிள்ளினால் வலிக்கும், நிஜமாகவே வலிக்கும், “எம்பேத்திடி நீ,” என்பாள். வீட்டில் அம்மா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, அடம் பிடிக்கிற தையல்நாயகியைப் பார்த்து எல்லா அம்மாக்களும் சொல்கிற மாதிரி, “ஒன்னத் தவுட்டுக்குத்தான வாங்கினோம், அதான் இப்படி இருக்கே,” என்று சொல்லிவிட்டாள். அப்பா பிசைந்த கையோடு எழுந்து போய்விட்டார். இவள் அழுதது தவிட்டுக்கு வாங்கினார்களோ என்று பயந்து இல்லை, அப்பா சாப்பிடாமல் எழுந்துபோனாரே என்று. சே, இதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்கிறது இந்தப் பாழும் மனசு. வந்த வேலையைப் பார். பத்திரத்தை எடுத்து இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள், அது மாறவில்லை.

எழுபத்திரண்டில் தவுட்டு அப்பாயி செத்தாள். தையல்நாயகிக்குப் பதினொரு வயசு, எல்லாம் தெரிகிற வயசு. அப்பா போய்ப் பாடையருகே நின்றார், மூத்த பிள்ளை கொள்ளிச்சட்டியைத் தூக்கும்போது இவரும் ஒரு கை பிடித்தார். அந்த மூத்தவர் தட்சிணாமூர்த்தி, முரட்டு மனுஷன், எல்லார் முன்னாலும், “கைய எடு. கொள்ளிவக்கிற எடத்துல நீ யாரு?” என்றார். அப்பா கையை எடுத்துவிட்டார். சொல்லியிருக்கலாம், சர்க்கார் புத்தகத்தில் நான் அவள் பிள்ளை, போய்ப் பார் என்று சொல்லியிருக்கலாம், இந்த ஆபீஸில் அந்தப் புத்தகம் அன்றைக்கும் இருந்ததே. சொல்லாமல் நடந்து போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் மொட்டைத் தலையோடு வாசலில் வந்து நின்றவரை அடையாளம் தெரியாமல் இவள் வீரிட்டுக் கத்தினாள். கொள்ளிவைக்கிற இடத்தில் நீ யாரு. தையல்நாயகியின் விரல் பத்திரத்தின் இரண்டாவது வரியில் நின்றது. எவ்வகையிலும் உறவினர் அல்லர். அடப்பாவி, தட்சிணாமூர்த்தி சொன்னதையேதானே ஞானப்பிரகாசம் டைப் அடித்து வைத்திருக்கிறார். அந்த ஆளாவது கோபத்தில் சொன்னான், இவள் முத்திரை ஒட்டிச் சொல்லப்போகிறாள். வேண்டாம், எழுந்து போய்விடலாமா. போய்? போய் அந்தக் குளியலறையிலேயே விழுந்து கிடக்கலாமா, பால்காரி வருகிறவரைக்கும்? நித்திலா அடுத்த மாசம் வேலைக்குத் திரும்புகிறாள், குழந்தையை யாரோ ஒரு வெள்ளைக்காரியிடம் விட்டுவிட்டுப் போகணும் என்று போன வாரம் போனில் அழுதாளே, அம்மா நீ மட்டும் இருந்தா என்றாளே, அதை என்ன செய்வது. செத்தவளுக்கு என்ன தெரியப்போகிறது. தெரியாது. தெரியாது என்று நூறு தடவை சொன்னாலும் இந்தக் கன்னம் ஏன் இப்படிக் குறுகுறுக்கிறது, கிள்ளின இடத்தில். முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணு யாரும்மா, நீங்களா, வாங்க.

உள்ளே இருந்த அதிகாரி மெஹராஜ் பேகம் நித்திலா வயசுதான் இருப்பாள், நல்ல பெண், உட்காருங்கம்மா என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். பத்திரத்தை நிதானமாகப் படித்தாள். அப்புறம் மூலப் பதிவோடு ஒத்துப் பார்க்கணும் என்று சொல்லி, மேஜைமேல் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த ஒரு கனமான புத்தகத்தைப் பிரித்தாள். ஓரமெல்லாம் பழுத்துப்போன தாள், சாய்ந்த சாய்ந்த பிரெஞ்சு எழுத்து. தையல்நாயகி இதுவரை பார்த்ததெல்லாம் டைப் அடித்த நகல், அசலை இப்போதுதான் பார்க்கிறாள். “இதோ, உங்கப்பா பதிவு. இது உங்க தாத்தா சின்னத்தம்பி கையெழுத்து. இது என்னன்னு தெரியுதாம்மா?” மெஹராஜின் விரல் பக்கத்தின் அடியில் நின்றது. இரண்டு கோடு, ஒன்றின்மேல் ஒன்று, பெருக்கல் குறி மாதிரி. ஒரு கோடு ஆரம்பத்தில் அழுந்தி மை ஊறிப்போய், கடைசியில் நடுங்கி ஓடியிருந்தது. “தாயார் குப்பம்மாள், எழுதத் தெரியாதவர், நேரில் வந்து கீறல் இட்டார்னு எழுதியிருக்கு. சாதாரணமா அம்மாவக் கூப்பிட மாட்டாங்க. இவங்க வந்து நின்னிருக்காங்க.” வந்து நின்றிருக்கிறாள். வயிற்றில் துணியைச் சுற்றிக்கொண்டு, மாரில் அடுத்தவள் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, வாழ்நாளில் பேனாவைத் தொடாதவள் தொட்டு, இந்த மேஜையோ இதைப் போல இன்னொரு மேஜையோ, துரை முகத்தைப் பார்த்து, இது எம்புள்ள என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கீறிவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பொய்யில்தானே அப்பா எழுபது வருஷம் இருந்தார், அந்தப் பொய்யில்தானே நான் பிறந்தேன். அவள் சொன்ன பொய் எம்புள்ள. நான் சொல்ல வந்திருக்கிற பொய் யாரோ. அந்தக் கோட்டைத் தொடணும் போலிருந்தது, தொட்டால் ஏதாவது சொல்வார்களோ என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள். “கேக்க வேண்டியது முறை, அதான் கேக்கறேன்,” என்றாள் மெஹராஜ். “இந்தக் குப்பம்மாளை நீங்க பாத்திருக்கீங்களா, கேள்விப்பட்டிருக்கீங்களா?”

மின்விசிறி இந்த அறையிலும் கிறீச்சிட்டது. ஒரு கிறீச்சுக்கும் அடுத்த கிறீச்சுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தையல்நாயகி பார்த்தாள், நிறைய இருந்தது.

“இல்ல,” என்றாள்.

மெஹராஜ் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டாள், இடது கட்டைவிரலையும் உருட்டச் சொன்னார்கள், உருட்டினாள். முத்திரை விழுந்தது. அந்தப் பெண் பழைய புத்தகத்தை மூடி ஓரமாகத் தள்ளி வைத்தாள். அவ்வளவுதான், மூன்று மாச அலைச்சல், மூன்று நிமிஷம். வெளியே வந்து வெயிலில் நின்றாள். கட்டைவிரல் மையைத் துடைக்கத் துணியில்லை, முந்தானையில் துடைத்தால் போகாது, விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். கூரியர் ஆபீஸ் எதிரேதான் இருந்தது. போன் அடித்தது.

“அம்மா, முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“அப்பாடா! அம்மா, நெஜமாவா? ஏதாவது கேட்டாங்களா? ஆமா, நானும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன், அந்தக் குப்பம்மாள் யாரும்மா?”

தையல்நாயகி தொண்டையைச் செருமிக்கொண்டாள். எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்திலிருந்து போனில் அவள் குரல் நடுங்கினதே இல்லை.

“எங்க அப்பாயி,” என்றாள்.

“என்னம்மா சொல்றே, அப்ப அஞ்சலை?”

“அவளுந்தான்.”

“அம்மா, ஒனக்கு வெயில்ல தலை சுத்துது போல. கையெழுத்து என்னன்னு போட்டே? சரியாத்தான போட்டே?”

“போட்டுட்டேண்டி. யாருன்னே தெரியாதுன்னு போட்டுட்டேன்,” என்று சொன்ன தையல்நாயகி, போனைக் காதில் வைத்தபடியே, தெருவில் போகிற ஆளெல்லாம் திரும்பிப் பார்க்க, ஓவென்று அழ ஆரம்பித்தாள்.